உறையாத ஏரியின் விருந்தாளிகள்: ரொறன்ரோ கரையில் குளிர்கால வாத்துகளைப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் வந்துவிட்டால் ரொறன்ரோவில் ஏரிக்கரைப் பக்கம் போகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். கோடையில் கால் வைக்க இடமில்லாத நடைபாதைகள் வெறிச்சோடிக் கிடக்கும். பறவைகள் எல்லாம் தெற்கே பறந்துபோயிருக்கும் என்ற நினைப்பு வேறு. பாடும் பறவைகளில் பெரும்பாலானவை போய்விட்டது உண்மைதான். ஆனால் மரமே முளைக்காத ஆர்க்டிக் நிலத்தில் கோடையைக் கழித்த வாத்துகளுக்கு ரொறன்ரோதான் தெற்கு. நாம் குளிர் தாங்காமல் கதவைச் சாத்திக்கொள்ளும் அதே நாட்களில், அவை குளிருக்கு ஒதுங்க நம் ஊரில் வந்து இறங்குகின்றன. ஒக்டோபர் கடைசியில் வரத் தொடங்கி ஏப்ரல் வரை, ஏறக்குறைய ஆறு மாதம் இங்கேயே தங்குகின்றன.

அவற்றை இழுப்பது ஏரிதான். ஒன்ராறியோ ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீற்றர். இவ்வளவு தண்ணீர் கோடை முழுக்கச் சேர்த்த வெப்பத்தை மெல்ல மெல்லத்தான் இழக்கும். அதனால் சுற்றியுள்ள குளங்களும் சிற்றாறுகளும் கல்லாக இறுகிய பிறகும் இந்த ஏரியின் நடுப்பகுதி திறந்தே இருக்கும். முழுவதும் உறைவது மிக அரிது. தண்ணீர் திறந்திருந்தால் வாத்துக்குச் சாப்பாடு உண்டு. 1980களின் கடைசியில் கப்பல்களோடு இந்தப் பெரிய ஏரிகளுக்குள் நுழைந்த வரிக்குதிரைச் சிப்பி, ஏரிக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. ஆனாலும் முக்குளிக்கும் வாத்துகளுக்கு அது பாறையெங்கும் ஒட்டிக்கிடக்கும் விருந்தாகிவிட்டது.

இவற்றைப் பார்க்கப் பெரிய செலவோ பயிற்சியோ தேவையில்லை. ஆனால் எந்த நாளில், எந்த முனையில், எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல் போனால் தூரத்தில் மிதக்கும் கறுப்புப் புள்ளிகளைத் தவிர எதுவும் தெரியாது. என் முதல் இரண்டு பயணங்களும் அப்படித்தான் முடிந்தன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: வெயிலையும் காற்றையும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்

ரொறன்ரோவில் ஏரி நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. குளிர்காலச் சூரியனும் தெற்கு வானத்தில் தாழ்வாகவே நகர்கிறது. கரையில் நின்று ஏரியைப் பார்த்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், வாத்துகள் எல்லாம் நிழலுருவங்களாகத் தெரியும். நீலவானமும் பளிச்சென்ற வெயிலுமாக இருக்கும் நாள்தான் நல்ல நாள் என்று பலரும் நினைக்கிறார்கள். வாத்து பார்ப்பதற்கு அதுதான் சங்கடமான நாள். மெல்லிய மேகம் மூடி, ஒளி எங்கும் சீராகப் பரவியிருக்கும் நாளில் போங்கள். தலையின் பச்சைப் பளபளப்பும் கன்னத்தின் வெள்ளைப் புள்ளியும் அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரியும்.

வெயில் நாளில்தான் போக முடியும் என்றால் அதற்கும் வழியுண்டு. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை ஒன்றின் நுனிவரை நடந்துபோய், அங்கிருந்து திரும்பி வடக்கே, குடாவுக்குள் பாருங்கள். இப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவைகள் விளக்குப் போட்டதுபோல் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நேரான கரையைவிட முனைகளை நான் விரும்புகிறேன்.

அடுத்தது காற்று. கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் வீட்டில் இருப்பது நல்லது. ஏரி கிழக்கு மேற்காக 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பதால், கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு அலையை வளர்க்க வேண்டிய இடம் இருக்கிறது. அலைகளுக்கு நடுவே வாத்து ஒரு கணம் தெரியும், மறுகணம் மறையும். வடக்குக் காற்று குளிரில் கடுமையானதுதான், ஆனால் அது நிலத்திலிருந்து ஏரியை நோக்கி வீசுவதால் கரையோரத் தண்ணீர் அமைதியாக இருக்கும். காற்றும் உங்கள் முதுகில்தான் படும்.

மாதங்களைப் பொறுத்தவரை நவம்பரில் புது வரவுகள் குவியும். ஜனவரி, பெப்ரவரியில் கடும் குளிர் ஒரு வாரம் நீடித்தால் குடாக்கள் உறைந்து, இருக்கிற பறவைகள் எல்லாம் திறந்த நீர்த்துண்டுகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அப்போது ஆற்று முகத்துவாரங்களைத் தேடிப் போங்கள். மார்ச்சில் ஜோடி சேரும் ஆட்டம் உச்சத்தில் இருக்கும், வடக்கே போகிற வழியில் புதிய கூட்டங்களும் வந்து சேரும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்று யாராவது கேட்டால், மார்ச் முதல் வாரத்தில் மேகம் மூடிய ஒரு காலையைச் சொல்வேன்.

இரண்டாம் படி: இடம்

முதல் பயணத்துக்கு எட்டோபிக்கோவில் கிப்லிங் அவெனியூ ஏரியில் முடியும் இடத்தில் இருக்கும் கேர்ணல் சாமுவேல் சிமித் பூங்காவைச் சொல்வேன். அங்கே படகுகள் நிறுத்தும் ஒரு சிறு துறை இருக்கிறது. கோடையில் படகுகள் நிற்கும் அந்த இடத்தில் குளிர்காலத்தில் வாத்துகள் நிற்கும், அதுவும் பைனாகுலர் இல்லாமலே அடையாளம் காணும் தூரத்தில். துறையைச் சுற்றி வரும் பாதையில் நடந்தால் வெயிலை முதுகில் வாங்கும் கோணம் எங்காவது ஓரிடத்தில் கட்டாயம் கிடைக்கும்.

அங்கிருந்து கிழக்கே ஹம்பர் பே பூங்கா. இரண்டு கைகள் நீட்டியதுபோல் இரண்டு முனைகள், நடுவே ஒரு குடா. ஹார்லெக்வின் போன்ற அரிய வாத்துகள் சில குளிர்காலங்களில் இங்கே வந்து தங்கியதுண்டு. நகரத்தின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கு அஷ்பிரிட்ஜஸ் பே. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு பிரிம்லி வீதியின் தெற்கு முனையில் புளஃபர்ஸ் பார்க். செங்குத்தான வெண்மண் மேடுகள் வடக்குக் காற்றை மறைத்து நிற்பதால் நின்று பார்க்கச் சுகமான இடம் இது. ஆனால் பூங்காவுக்கு இறங்கும் பாதை சரிவானது, பனி விழுந்த மறுநாள் கவனம்.

தொமி தொம்சன் பூங்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். லெஸ்லி ஸ்பிட் என்று எல்லாரும் அழைக்கும் அந்த முனை, ஏரிக்குள் 5 கிலோமீற்றர் நீள்கிறது. நகரம் இடித்துக் கட்டிய கட்டடங்களின் கொங்கிரீட்டையும் செங்கல்லையும் தோண்டிய மண்ணையும் பல பத்தாண்டுகள் கொட்டிக் கொட்டி உருவான நிலம் அது. நான் மேலே சொன்ன மற்ற முனைகளும் அப்படிக் கொட்டி உருவாக்கியவைதான். நகரத்தின் இடிபாடுகள் ஏரிக்குள் போய்ப் பறவைகளுக்கு அலை அடிக்காத குடாக்களாகியிருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். வேலை நாட்களில் பகல் நேரத்தில் அங்கே லொறிகள் ஓடும் என்பதால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வார இறுதியில் போங்கள், நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நாய்களை அழைத்துப்போக முடியாது. நுனிவரை போய்த் திரும்ப 10 கிலோமீற்றர் நடை, நடுவே காற்றுக்கு ஒதுங்க இடமில்லை. பழகியவர்களுக்கான இடம் அது. முதல் நாளுக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: கருவியும் உடுப்பும்

8x42 என்று எழுதியிருக்கும் பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். குளிரில் கை நடுங்கும்போது அந்த நடுக்கமும் 10 மடங்காகும். ஏரியின் நடுவே நிற்கும் பெருங்கூட்டங்களை ஆராய முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி உதவும், ஆனால் முதல் குளிர்காலத்தில் அதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்குத் திரும்பியதும் பைனாகுலரைப் பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். சூடான அறையில் உடனே வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் படியும்.

நடப்பதற்கு உடுத்துவது வேறு, நிற்பதற்கு உடுத்துவது வேறு. இது நின்றுகொண்டே செய்யும் காரியம். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போடுங்கள். விரல் நுனி திறக்கக்கூடிய கையுறை பைனாகுலரைத் திருகச் சௌகரியமாக இருக்கும்.

அலை தெறித்து உறைந்த கரைப் பாறைகளில் ஏறவே கூடாது. வெள்ளையாகத் தெரியும் பனிக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ் இருக்கும். குடாவின் ஐஸ் மேல் காலே வைக்காதீர்கள், மற்றவர்கள் நடந்த தடம் தெரிந்தாலும்.

நான்காம் படி: பெயர் தேடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள்

கரைக்குப் போனதும் கைபேசியில் செயலியைத் திறந்து படத்தையும் பறவையையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினால் பறவை கைவிட்டுப் போகும். பேசாமல் நில்லுங்கள். இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல், தண்ணீரை ஒரு முறை முழுக்கப் பாருங்கள். அப்புறம் திரும்ப ஒரு முறை. இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் முறை இல்லாத பறவைகள் இருக்கும். அவை பறந்து வந்தவை அல்ல, அப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தவை.

இந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடுங்கள்: இந்த வாத்து கவிழ்கிறதா, முக்குளிக்கிறதா?

கவிழும் வாத்துகள் கரையோர ஆழமில்லாத நீரில் நிற்கும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, அடியிலுள்ள பாசியையும் தாவரத்தையும் மேயும். உடல் முழுதாக மூழ்காது. பறக்க வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்தே ஜிவ்வென்று மேலே எழும். பச்சைத் தலை மல்லார்ட், சாம்பல் நிற கேட்வால் எல்லாம் இந்த வகை.

முக்குளிக்கும் வாத்துகளின் கால் உடலின் பின்பக்கம் தள்ளி இருக்கும். நீந்த நல்லது, நடக்கச் சிரமம். ஒரு சிறு துள்ளலோடு மூழ்கி, அரை நிமிடம் கழித்து வேறெங்கோ எழும். பறக்க வேண்டுமென்றால் தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலே ஏற முடியும். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் வடக்கு விருந்தாளிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இந்த ஒரு பிரிப்பு பிடிபட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: நான்கு கறுப்பு வெள்ளை ஆண்கள்

மல்லார்டை ஏற்கனவே உங்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் எல்லாரையும் குழப்புவது கறுப்பும் வெள்ளையுமாக மிதக்கும் முக்குளிப்பு வாத்துகள். இவற்றுக்குத் தமிழில் புழக்கத்தில் உள்ள பெயர் இல்லை, ஆகவே ஆங்கிலப் பெயரையே தமிழில் எழுதுகிறேன்.

பஃபிள்ஹெட் மிகச் சிறியது. ரப்பர் பந்துபோல் தண்ணீரில் துள்ளும். ஆணின் உடல் வெள்ளை, முதுகு கறுப்பு, பெரிய உருண்டைத் தலையில் கண்ணுக்குப் பின்னாலிருந்து பிடரியைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு கட்டியதுபோல் இருக்கும். இது கூடு வைப்பது ஃபிளிக்கர் என்ற மரங்கொத்தி துளைத்து விட்டுப்போன மரப்பொந்தில். அந்தப் பொந்துக்குள் நுழையும் அளவுக்குத்தான் உடலும் இருக்கிறது. ஐந்தாறு சேர்ந்து மேயும், ஒரே நேரத்தில் எல்லாம் மூழ்கிப் போய்விடும். கண்சிமிட்டும் நேரத்தில் தண்ணீர் வெறுமையாகிவிடும்.

கோல்டன்ஐ அதைவிடப் பெரியது. ஆணின் வெள்ளைப் புள்ளி கண்ணுக்கு முன்னால், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே, வட்டமாக இருக்கும். புள்ளி முன்னால் என்றால் கோல்டன்ஐ, பின்னால் என்றால் பஃபிள்ஹெட். இது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கண் கிட்டத்தில் நன்றாகத் தெரியும். பறக்கும்போது இறக்கையிலிருந்து ஒரு விசில் சத்தம் வரும். அமைதியான காலையில் பறவை கண்ணில் படும் முன்பே காதில் விழும்.

ஹூடெட் மெர்கேன்சர் ஆணுக்குத் தலையில் ஒரு விசிறி. விரித்தால் பெரிய வெள்ளை விசிறி, அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. மடித்தால் ஒரு வெள்ளைக் கோடு மட்டும். பஃபிள்ஹெட்டின் விலா வெள்ளை, இதன் விலா பழுப்பு. மெர்கேன்சர் இனம் முழுவதற்கும் அலகு ஒல்லியாக, ஓரம் ரம்பம்போல் பல்பல்லாக இருக்கும். வழுக்கும் மீனைப் பிடிக்கத்தான் அது. கலைந்த கொண்டையோடு ஏரியில் திரியும் செம்மார்பு மெர்கேன்சரையும் அந்த ஒல்லி அலகை வைத்தே பிடித்துவிடலாம்.

நான்காவது லோங்டெயில்ட் டக், நீள்வால் வாத்து. இந்தக் கரையில் எனக்கு மிகப் பிடித்த பறவை. ஆர்க்டிக் குட்டைகளின் ஓரம் குஞ்சு பொரித்துவிட்டு நம்மிடம் வருகிறது. குளிர்காலத்தில் ஆண் பெரும்பாலும் வெள்ளை; கன்னத்தில் கரும்பழுப்புத் திட்டு, பின்னால் ஊசிபோல் இரண்டு நீண்ட வால் இறகுகள். 60 மீற்றர் ஆழம் வரை மூழ்கக்கூடியது. நீருக்கடியில் இறக்கையையும் பாதி விரித்து உந்திப் போகிறது. அதன் குரலை ஒரு முறை கேட்டால் மறக்க முடியாது. ஆண்கள் கூட்டமாக எழுப்பும் அந்த ‘அ அ ஆஊலே’ ஒலி பனிமூட்டத்துக்குள் தொலைவில் யாரோ கூடிச் சிரித்துப் பேசுவதுபோல் வரும். காதை மூடும் தொப்பியைச் சற்றுத் தூக்கிவிட்டு அதற்காகக் காத்திருங்கள்.

பெண் பறவைகள் பெரும்பாலும் பழுப்பு, அடையாளம் காணச் சிரமம். தொடக்கத்தில் கூட நீந்தும் ஆணை வைத்து ஊகித்துக்கொள்வதில் தவறில்லை. ஏரியின் நடுவே நூற்றுக்கணக்கில் பாய் விரித்ததுபோல் மிதப்பது பெரும்பாலும் ஸ்காப் கூட்டம்: தலையும் வாலும் கறுப்பு, நடுவில் வெளிறியது. பெரிய ஸ்காப், சிறிய ஸ்காப் என்று இரண்டு உண்டு. தலை உருண்டையா, உச்சியில் கூம்பியதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அன்னங்களைச் சரிபாருங்கள்

கரையோரம் மக்களிடம் வந்து நிற்கும் வெள்ளை அன்னம் எல்லாம் ஒன்றல்ல. ஆரஞ்சு அலகும் நெற்றியில் கறுப்புக் குமிழும் இருந்தால் அது மியூட் அன்னம், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அலகு முழுக்கக் கறுப்பாக, கழுத்து நேராக நிமிர்ந்திருந்தால் டிரம்பெட்டர் அன்னம், இந்த மண்ணுக்கே உரியது, வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் மிகக் கனமானது. வேட்டையால் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒன்ராறியோவிலிருந்து அது அழிந்துபோனது. 1982இல் ஹாரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் அதைத் திரும்பக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் பலர் கைகோத்தார்கள். இன்று நாம் கரையில் சாதாரணமாகக் காண்பவை அந்த முயற்சியின் வழித்தோன்றல்கள். சிலவற்றின் இறக்கையில் எண்ணெழுதிய மஞ்சள் அட்டை இருக்கும். அந்த எண்ணைக் குறித்து, இடத்தோடும் நாளோடும் பதிவு செய்தால் அந்தப் பறவையின் வாழ்க்கைக் கதையில் ஒரு வரி சேரும். கூட்டமாகப் பார்க்க விரும்பினால் பேர்லிங்டன் நகரின் லாசால் பார்க் வரை போகலாம்.

ஏழாம் படி: என்ன செய்கின்றன என்று பாருங்கள்

பெயர்கள் பழகிய பிறகுதான் உண்மையான பார்வை தொடங்குகிறது. பாடும் பறவைகள் வசந்தத்தில் ஜோடி தேடும். வாத்துகளில் பலவும் குளிர்காலத்திலேயே தேடிவிடுகின்றன. ஆண்கள் இந்தக் கடுங்குளிரில் முழு அலங்காரத்தோடு மிதப்பது அதனால்தான். பெப்ரவரி, மார்ச்சில் கோல்டன்ஐ கூட்டத்தைக் கவனியுங்கள். ஒரு பெண்ணைச் சுற்றி நாலைந்து ஆண்கள். திடீரென ஓர் ஆண் தலையைப் பின்னுக்கு வளைத்து, உச்சந்தலை முதுகைத் தொடும்படி வீசி, அலகை வானத்துக்கு நீட்டிக் கத்தும். கூடவே காலால் தண்ணீரைப் பின்னால் உதைத்துத் தெறிக்கவிடும். அடுத்தது அதையே செய்யும். அரை மணி நேரம் பார்த்தாலும் அலுக்காது. ஜோடி சேர்ந்ததும், வசந்தத்தில் பெண் தான் பிறந்து வளர்ந்த பகுதிக்குத் திரும்பும், ஆண் அதன் பின்னால் போகும். இங்கே ஹம்பர் பேயில் ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்த ஆண், தான் பார்த்தேயிராத ஓர் ஏரிக்கு இந்த வழியாகப் போய்ச் சேரலாம்.

உறைந்த ஐஸ் மேல் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தால் மனம் பதறும். பதற வேண்டாம். காலுக்கு இறங்கும் சூடான இரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த இரத்தமும் ஒட்டி ஓடும் குழாய்களில் போவதால், இறங்கும்போதே சூடு மேலேறும் இரத்தத்துக்கு மாறிவிடும். பாதம் உறையாத அளவு சூடு மட்டும் கீழே வரும். உடலின் வெப்பம் வீணாகாது.

எட்டாம் படி: எண்ணிப் பதிவு செய்யுங்கள்

பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று ஒரு முறை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். பிறகு அந்தப் ‘பத்து’ அளவை வைத்தே கூட்டத்தை அளந்துகொண்டு போங்கள். முக்குளிப்பவற்றை மூன்று முறை எண்ணி, மிகக் கூடுதலாக வந்த எண்ணை எடுங்கள். கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்தும் ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் இதைப் பதிவு செய்யலாம், இலவசம்தான். மற்றவர்கள் நேற்று எங்கே என்ன பார்த்தார்கள் என்பதும் அங்கேயே தெரியும். கொஞ்சம் பழகியதும் 1900இலிருந்து நடந்துவரும் கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 14க்கும் ஜனவரி 5க்கும் இடையே ஒரு நாள், 24 கிலோமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் எல்லாப் பறவைகளையும் எண்ணுவார்கள். புதியவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்து அனுப்புவார்கள். தனியாக ஒரு பருவத்தில் கற்பதை அந்த ஒரே நாளில் கற்றுவிடலாம்.

கரையில் செய்யக்கூடாதவை

பாண் போடாதீர்கள். வாத்துக்கு அதில் சத்து இல்லை, கூட்டம் கூட்டி நோயைப் பரப்பும். ரொறன்ரோவில் காட்டுயிர்களுக்கு உணவளிப்பதை நகர விதியும் தடுக்கிறது. கிட்டப் போய்ப் படமெடுக்கும் ஆசையில் கூட்டத்தைப் பறக்கவிடாதீர்கள். ஒரு முறை தண்ணீர்மேல் ஓடிப் பறக்கச் செலவாகும் சக்தியை ஈடுகட்ட அது ஐஸ் நீருக்குள் எத்தனை தரம் மூழ்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பறவைகள் மேய்வதை நிறுத்தி எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் தூக்கினால், நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள். மெல்லப் பின்னால் வாருங்கள்.

செத்த பறவையைத் தொடாதீர்கள். 2021 கடைசியிலிருந்து எச்5என்1 பறவைக் காய்ச்சல் இந்தக் கண்டத்துப் பறவைகளிடையே பரவியிருக்கிறது. 311ஐ அழைத்து நகராட்சிக்குச் சொல்லுங்கள். அடிபட்டோ சுருண்டோ கிடக்கும் உயிருள்ள பறவை என்றால் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரரைக் கேளுங்கள்.

ஏப்ரல் நடுவில் ஒரு முறை கேர்ணல் சாமுவேல் சிமித் பூங்காவுக்குத் திரும்பிப் போங்கள். குளிர்காலம் முழுக்கப் பஃபிள்ஹெட் துள்ளிய நீரில் இப்போது செங்கழுத்து கிரீப் என்ற நீர்ப்பறவையின் ஜோடிகள் கூட்டுக்குப் புல்லும் குச்சியும் சுமந்து திரியும். முனையின் நுனிக்குப் போய் வெளியே பார்த்தால் நீள்வால் வாத்துகள் சில இன்னும் இருக்கும். வெள்ளை உடுப்பைக் கழற்றிக் கோடைக்கான கரும்பழுப்புக்குப் பாதி மாறியிருக்கும். மே மாதத்தில் அவையும் கிளம்பிவிடும்.